தலைகீழ் ஏழு

மேஜைமேல் போன் அடித்துக்கொண்டிருந்தது.

மேஜைக்கு அடியில் பஷாய் செத்துக் கிடந்தார்.

இரண்டுக்கும் நடுவில் இன்திஸார் நின்றாள். கையில் காகிதப் பை. பைக்குள் இரண்டு ரொட்டி. ரொட்டிக்குள் மசித்த அவரைப் பருப்பு, சூடு ஆறாமல். கவுண்டரில் அவளோடு வேலை பார்த்த பஷாய் கிறிஸ்தவர். பெரிய நோன்புக் காலம். வெண்ணெய் ஆகாது, எண்ணெய் மட்டும் ஊற்று என்று வண்டிக்காரனிடம் இரண்டு தடவை சொல்லி வாங்கி வந்திருந்தாள்.

போனது பத்தே நிமிடம்.

கிழவரின் கழுத்தில் ஒரு சின்னத் துளை. ஸ்க்ரூடிரைவர் நுழையும் அளவு. அதிலிருந்து ரத்தம் மெதுவாக... மெதுவாக... சிமெண்டுத் தரையில் வழி தேடிக்கொண்டிருந்தது.

போன் விடவில்லை.

எடுத்தாள். காதில் வைத்தாள்.

"மேடம் இன்திஸார்தானே?" ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். "கத்தாதீங்க. கத்தினா இங்க ஒருத்தருக்கு வலிக்கும்."

"யா... யாரு?"

"என் பேரு உங்களுக்கு எதுக்கு? உங்க புருஷன் பேரு ஷவ்கி. அலெக்ஸாண்ட்ரியாவுல டிராம் ஓட்டறார். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, லீவு. ஷேவ் பண்ணிக்க சலூனுக்குப் போனார். பாதி தாடியோட இப்ப எங்ககிட்ட இருக்கார்."

"பொய்."

"அவரே பேசட்டும்."

மூச்சிரைக்கும் சத்தம். பிறகு, பத்தொன்பது வருடமாக அவள் கேட்டுப் பழகிய குரல்.

"இன்தி... இவனுங்க சொல்றதைச் செய்துடும்மா..."

"என்னங்க... எங்க இருக்கீங்க? உங்களை என்ன பண்ணினாங்க?"

மடக்.

காய்ந்த குச்சியை ஒடித்தாற்போல் ஒரு சத்தம். தொடர்ந்து ஷவ்கியின் அலறல்! போன் குழாயே அதிர்ந்தது. இன்திஸார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சுண்டுவிரல்," என்றது முதல் குரல். "இன்னும் ஒன்பது இருக்கு. நான் சொல்றதைக் கேட்டா ஒன்பதும் அப்படியே இருக்கும்."

"என்ன வேணும்?"

"உங்க பின்னாடி இருக்கற அலமாரியில ஏழாம் நம்பர் பெட்டி. அதுக்குள்ள ஒரு பென்டிரைவ். தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஒருத்தன் வருவான். ஏழாம் நம்பர் வில்லையைக் காட்டுவான். பென்டிரைவைக் குடுத்து, சீட்டுல முத்திரை குத்தி அனுப்பிடணும். அவ்வளவுதான்."

"பஷாய் பெரியப்பாவை எதுக்குக் கொன்னீங்க? அவர் ஒரு ஈயைக்கூட அடிச்சதில்லை."

"குறுக்க வந்தார்."

"நான் வெளி கேட்டுக்காரனைக் கூப்பிட்டா?"

"தாராளமா. உள்ள எங்க ஆள் ஒருத்தன் உங்களைப் பார்த்துக்கிட்டுதான் இருக்கான். அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அப்புறம் விரலோட நிக்காது. கழுத்துக்குப் போயிடுவோம்."

போன் செத்தது.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. அவள் வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி வருவது புரியாது.

அலெக்ஸாண்ட்ரியாவை அடுத்த புர்ஜ் அல் அரபில் அது ஒரு மருந்துத் தொழிற்சாலை. பதினோரு வருடம் ஒரே ஒரு இன்சுலினுக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்த இடம். இதோ... வெற்றி. செய்முறை முழுவதும் உள்ளே கம்ப்யூட்டர்களில். கம்ப்யூட்டர்களின் சொருகு துளை ஒவ்வொன்றையும் பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள். போனோ, பென்டிரைவோ, மெமரி கார்டோ, எவர் பையில் இருந்தாலும் வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் இந்த அமானிதக் கவுண்டர், நம்பி ஒப்படைத்ததைக் காத்துத் திருப்பித் தரும் இடம். பித்தளை வில்லை ஒன்று தருவார்கள். திரும்பும்போது வில்லையைக் கொடுத்தால் பொருள் கிடைக்கும்.

அதோடு ஒரு சீட்டு. 'வெளியிலிருந்து வந்தது, வெளியே போகிறது' என்று இன்திஸாரின் கையெழுத்தும் முத்திரையும். அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு குண்டூசி அளவு சிப்கூட வெளி கேட்டைத் தாண்டாது. அங்கே எக்ஸ்ரே மெஷின். செருப்பைக்கூடக் கழற்றச் சொல்வார்கள்.

ஆக, எவனோ உள்ளே பிசினைக் குடைந்து, செய்முறையைப் பென்டிரைவில் இறக்கிவிட்டான். அதை வெளியே கொண்டுபோக அவனுக்கு எக்ஸ்ரே மெஷினை ஏமாற்ற வேண்டாம்.

இன்திஸாரின் முத்திரை ஒன்று போதும்.

பஷாயைப் பார்த்தாள். கண் மூடவில்லை. குனிந்து மூடினாள். தன் தோளில் கிடந்த கறுப்புச் சால்வையை எடுத்து, கழுத்து வரை அல்ல, முகம் வரை போர்த்தினாள்.

"மன்னிச்சுடுங்க பெரியப்பா. எண்ணெய்தான் ஊத்தச் சொன்னேன்," என்றாள். என்ன பேசுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்து அலமாரியிடம் போனாள். நாற்பது சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு கதவிலும் ஒற்றை ஆணியில் வட்டமான பித்தளைத் தகடு. தகட்டில் அரபு எண்.

ஏழாம் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு கறுப்புப் பென்டிரைவ். அதன்மேல் ஒட்டிய சின்னக் காகிதத்தில், 'சம்பள உயர்வுப் பட்டியல் - ரகசியம்.'

இன்திஸாருக்கு ஒரு கணம் எதுவும் ஓடவில்லை.

இது ராவியாவின் பென்டிரைவ்!

ராவியா, கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்க்கும் பெண். மாதம் ஒரு தடவை இதைக் கார் நிற்கும் இடத்தில் வேண்டுமென்றே போட்டுவிட்டுப் போவாள். 'கீழ கிடக்கறதை எடுத்துச் சொருகாதீங்கனு நூறு தடவை சொல்லியாச்சு அக்கா. கேக்க மாட்டாங்க. அதான் கண்ணி வெக்கறேன்' என்பாள். யாராவது ஆசைப்பட்டுச் சொருகினால் திரையில் ஒரு கழுதை வந்து பல்லைக் காட்டும். அதே நொடியில் அந்த லேப்டாப்பின் கேமரா, சொருகியவன் முகத்தைப் படம் பிடித்து, இடத்தோடு சேர்த்து இந்தக் கவுண்டர் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். போன மாதம் மாட்டியவர் ஜெனரல் மேனேஜர்.

கண்ணியை ஏழாம் பெட்டியில்தான் வைப்பார்கள். ஏனென்றால் ஏழாம் எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை.

அப்படியானால் திருடன் வைத்தது எங்கே?

இன்திஸார் தகடுகளைப் பார்த்தாள்.

பார்த்தவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

அரபு எழுத்தில் ஏழு, ஆங்கில V போல. கவிழ்த்தால் எட்டு. எட்டைக் கவிழ்த்தால் ஏழு. ஒற்றை ஆணியில் தொங்கும் தகடு, கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாலே சுழன்றுவிடும். ஏழு எட்டாகும், எட்டு ஏழாகும். அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் அவளும் பஷாயும் ஏழாம் எண்ணைப் புழக்கத்திலிருந்தே எடுத்துவிட்டு, அந்தக் கதவின் மரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். அவள் கை எப்போதும் பொட்டைப் பார்த்துத்தான் போகும். எண்ணைப் பார்த்தல்ல.

இப்போது இரண்டு தகடும் சுழன்றிருந்தன. பஷாயின் தலை அங்கே மோதியிருக்கிறது. நரைத்த மயிர் இரண்டு ஆணியில் சிக்கியிருந்தது.

சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்துப் பெட்டி... நிஜத்தில் எட்டு. இப்போது பார்வைக்கு ஏழு!

திறந்தாள்.

கறுப்புப் பென்டிரைவ். சாலையோரத்தில் விற்கும் அதே மலிவுச் சரக்கு. அதே அச்சு. ஓரத்தில் மட்டும் ஒரு ரத்த ரேகை.

கொன்ற கையோடு அவசரமாகச் சொருகிவிட்டுப் போயிருக்கிறான்.

இன்திஸாரின் இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்று. இடது கையில் பதினோரு வருட உழைப்பு. வலது கையில் ஒரு கழுதை.

நிஜத்தைக் கொடுத்தால்? ஷவ்கியை விட்டுவிடுவார்களா? அவன் அவர்கள் முகத்தைப் பார்த்தவன். பஷாயை ரொட்டி வாங்கி வருவதற்குள் முடித்தவர்கள், ஷவ்கியை எதற்கு மிச்சம் வைக்கப்போகிறார்கள்?

கழுதையைக் கொடுத்தால்... அவன் எங்கே இருக்கிறான் என்பதாவது தெரியும்.

சம்பள உயர்வுக் காகிதத்தைக் கிழித்தாள். ரத்தம் பட்டதை ரொட்டிக்குள், அவரைக்கு நடுவில் அழுத்தினாள். இரண்டு பெட்டிகளையும் சாத்தினாள். தகடுகளைத் தொடவில்லை.

பாங்கு கேட்டது.

உள்ளிருந்து ஏழெட்டு பேர் வந்து, வில்லையைக் கொடுத்து, போனை வாங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். "பெரியவர் எங்கக்கா?" என்று ஒருவன் கேட்டான். "படுத்திருக்கார்," என்றாள். பொய் இல்லை.

கடைசியில் ஒருத்தன் வெளியிலிருந்து வந்தான். கூரியர்காரன் சட்டை. வாயில் சூயிங்கம்.

"காலையில என் சாமானை இங்க குடுத்திருந்தேன்க்கா."

வில்லையைப் போட்டான். பச்சை நூல் கட்டிய ஏழாம் நம்பர் வில்லை.

அது அவள் வீட்டு வில்லை! புழக்கத்தில் இல்லாத வில்லை என்று அவள்தான் நூல் கோத்து ஷவ்கியின் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தாள். ஆக, அவன் பையைக்கூடத் துழாவியிருக்கிறார்கள்...

"கை நடுங்குதேக்கா. சர்க்கரையா?"

"ரத்தக் கொதிப்பு."

"உப்பைக் குறைங்க."

"அவரை... என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எவரை? நான் கூரியர்க்கா. குடுத்ததைக் கொண்டுபோவேன்." சூயிங்கத்தை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். "சீக்கிரம். தொழுகை முடிஞ்சா கேட்டுல கூட்டமாயிடும்."

முத்திரை குத்தினாள். கையெழுத்துப் போட்டாள். கழுதையைக் கொடுத்தாள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டைத் தாண்டித் தேய்ந்தது.

இனி காத்திருக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து.

"மேடம்..."

தூக்கிவாரிப் போட்டது. அதம் நின்றான். உள்ளே கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். எல்லோருக்கும் பிடித்தவன். போன பெருநாளுக்கு அவளுக்குப் பேரீச்சம்பழக் கேக் ஒரு டப்பா கொடுத்தவன்.

"நீங்க தொழப் போகலையா, இன்ஜினியர் சார்?"

"மெஷின் ஒண்ணு படுத்திருச்சு. நேரமாயிட்டுது. என் போனைக் குடுங்க, கிளம்பறேன்." வில்லையை நீட்டினான். மூன்றாம் நம்பர்.

இன்திஸார் மூன்றாம் பெட்டிக்குத் திரும்பினாள்.

பக்கத்தில் டீக் கெட்டில். பளபளவென்று எவர்சில்வர். அதில் அதமின் உருவம் நீளமாக, கோணலாகத் தெரிந்தது. மேஜைமேல் சாய்ந்து, கை அலமாரிக்கு நீண்டது. ஒரு பெட்டியின் கதவை ஒரு விரலால் நெம்பி, காலியா என்று பார்த்து, ஓசைப்படாமல் சாத்தியது.

சிவப்புப் பொட்டு வைத்த பெட்டியை அல்ல.

அதன் பக்கத்துப் பெட்டியை!

தகடு சுழன்ற அந்தப் பெட்டியை ஏழு என்று நம்பி, காலியா என்று பார்க்க வேண்டியவன் உலகத்தில் ஒரே ஒருத்தன்தான்.

அவள் போனை எடுத்துக் கொடுத்தாள். 

"கேக் நல்லா இருந்துச்சு சார். சொல்லணும்னு நெனச்சேன்."

"அப்படியா? எங்கம்மா பண்ணினது."

அப்போது எங்கோ 'ஙீ... ஙீ...' என்று அதிர்ந்தது. அவன் கையிலிருந்த போன் அல்ல. அவனுடைய காலுறை!

இருவரும் அந்தக் காலையே பார்த்தார்கள்.

அதம் குனிந்து காலுறைக்குள்ளிருந்து ஒரு சின்னப் போனை எடுத்தான். காதில் வைத்தான். அந்தப் பக்கம் பேசியவன் கத்தியது இன்திஸாருக்கே கேட்டது.

"என்னடா அனுப்பியிருக்க? திறந்தா ஒரு கழுதை சிரிக்குது."

அதம் போனை மெதுவாகப் பையில் போட்டான். அதே பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். நுனி துடைத்துச் சுத்தமாக இருந்தது. பிடியில் துடைக்கவில்லை.

"எங்க அது?"

"எது சார்?"

"மேடம், நான் ஒரு தடவைதான் கேப்பேன். கிழவன்கிட்டயும் ஒரு தடவைதான் சொன்னேன், போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்கனு. போகலை."

"அவருக்குத் தாகம் இல்லையோ என்னவோ."

அவன் மேஜையைத் தாண்டிப் பாய்ந்தான்!

ஸ்க்ரூடிரைவர் அவள் தோளில் இறங்கியது. எலும்பைத் தொட்டது. வலி கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. இருவரும் தரையில் விழுந்தார்கள், பஷாய்மேல். அதமின் இடது கை அவள் கழுத்தைப் பிடித்தது. பிசைந்தது. வலது கை ஸ்க்ரூடிரைவரைத் தோளிலிருந்து பிடுங்கியது.

"சொல்லு. இல்லாட்டி ஷவ்கி இன்னிக்கே..."

இன்திஸாரின் கை தரையில் எதையோ தேடியது. மேஜைக் காலில் கொக்கியில் தொங்கியது ஈய முத்திரை இடுக்கி. பைகளுக்குக் கம்பி கட்டி, ஈயக் குண்டை நசுக்கிச் சீல் வைக்கும் இடுக்கி. முழம் நீளம். இரும்பு. பன்னிரண்டு வருடமாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை அதை அழுத்திய கை அவளுடையது.

அதமின் மணிக்கட்டு அதன் வாய்க்குள் போனது.

அழுத்தினாள்.

இந்த முறை கேட்டது மடக் இல்லை. நொறுக். ஈரமான, கனமான நொறுக்.

அதம் ஊளையிட்டான். ஸ்க்ரூடிரைவர் உருண்டது. அவன் மற்றக் கையால் அவள் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. மறுபடி குத்தினான். அவள் இடுக்கியை விடவில்லை. திருகினாள். அவன் எழுந்தான், அவளும் அதோடு எழுந்தாள். அவனை இழுத்துச் சுழற்றி, அலமாரியின் இரும்பு விளிம்பில் அவன் நெற்றியை மோதினாள்.

ஒரு தடவை. "இது பெரியப்பாவுக்கு."

இன்னொரு தடவை. "இது ரொட்டிக்கு."

மூன்றாவதுக்குக் காரணம் தோன்றவில்லை. காரணம் இல்லாமலே மோதினாள்.

அதம் சரிந்தான். வாயில் ரத்தக் குமிழி. அவள் அவன் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துச் சீல் கம்பியால் சுற்றி, ஈயக் குண்டைக் கோத்து, நசுக்கினாள்.

"என்ன பண்ற..." என்று முனகினான்.

"அமானிதம். நம்பர் போடலை, அவ்வளவுதான்."

அவன் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை. "நீ போலீஸைக் கூப்பிட மாட்ட. உன் புருஷனை நெனச்சுப் பாரு..."

நினைத்தாள். வேறெதையும் அவள் நினைக்கவே இல்லை.

திரும்பினாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னச் சதுரம் மின்னிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ.

அழுத்தினாள். முதலில் இடம் வந்தது. கிங் மரியூத். பூட்டிக் கிடக்கும் ஒரு கோழிப்பண்ணை. இங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம்.

பிறகு படம் வந்தது.

தோளிலிருந்து ரத்தம் விரல் நுனி வரை வந்து, கீ போர்டில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடமா, ஒரு வருடமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

பிறகு போனை எடுத்து வெளி கேட்டைக் கூப்பிட்டாள்.

"கேட்டை மூடு. உள்ள ஒரு கொலை. போலீஸுக்கு ஒரு விலாசம் சொல்றேன், எழுதிக்க." சொன்னாள். "உடனே போகச் சொல்லு."

"அக்கா, உங்க குரலே சரியில்லையே. அடிபட்டுதா?"

"பட்டுது."

வைத்த நொடியில் போன் அடித்தது.

"இன்தி..." ஷவ்கியின் குரல். விம்மல். "ஏமாத்திட்டியாமே... வெறி புடிச்சு நிக்கறானுங்கம்மா. இன்னும் ரெண்டு விரலை ஒடிச்சுட்டானுங்க."

"எந்தக் கைங்க?"

"வலது கை... உயிர் போகுது..."

"ரத்தம் வருதாங்க?"

"வருது, வருது. இன்தி, நிஜப் பென்டிரைவ் உன்கிட்டதானே இருக்கு? நீயே சீட்டுப் போட்டு எடுத்துக்கிட்டு வெளியில வா. கூரியர் பையன் திரும்ப வருவான். உன்னை ஒண்ணும் பண்ண மாட்டானுங்க. நான் கெஞ்சிக் கேட்டிருக்கேன்."

"சரி. டீ ஆறிடப் போகுது. குடி."

அந்தப் பக்கம் விம்மல் பாதியில் நின்றது.

பத்தொன்பது வருடத்தில் அவள் அவனிடம் 'குடிங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"என்ன... என்னம்மா சொல்ற?"

"வலது கையில புடிச்சிருக்கியே, அந்த டீ."

திரையில் ஷவ்கி லேப்டாப்புக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். பென்டிரைவைச் சொருகியவனே அவன்தான்! மழமழவென்று முழுசாக ஷேவ் செய்த முகம். வலது கையில் டீ கிளாஸ். ஐந்து விரலும் கிளாஸைச் சுற்றி ஒழுங்காக. முன்னால் ஒரு தட்டு. தட்டில் கேரட், நறுக்காமல் மடக் மடக் என்று ஒடித்துப் போட்ட கேரட். பின்னால் இருவர் அவன் தோள்மேல் கை போட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்தி... யாரோ உன்கிட்ட..."

"யாரும் சொல்லலை. நீயே போட்டோவுக்கு நின்ன."

கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு வேறொரு குரலில் ஷவ்கி பேசினான். அதில் விம்மலும் இல்லை, வலியும் இல்லை.

"நமக்காகத்தான். அந்த டிராமோட மணியை அடிச்சு அடிச்சே நான் சாகணுமா? நீ அந்த ஓட்டை அலமாரிக்குக் காவல் இருந்தே கெழவியாகணுமா? ஒரு பென்டிரைவ். யாருக்கு என்ன நஷ்டம்?"

"என் காலடியில படுத்திருக்காரே, அவரைக் கேளு."

"அது அதம் பண்ணினது. நான் யாரையும் கொல்லச் சொல்லலை. சத்தியமா..."

"ஏழாம் பெட்டி காலியா இருக்கும்னு நீதானே சொன்ன? நான் சோறு போடறப்ப சொன்ன கதையை."



போன் கை மாறியது. அந்த நிதானமான முதல் குரல். இப்போது நிதானம் இல்லை.

"இந்தா பாரு. உங்க குடும்பச் சண்டை எனக்கு வேணாம். சரக்கு கைக்கு வரலைன்னா இவனை நிஜமாவே அறுப்பேன்."

"டேய், என்னடா... நான் உங்க ஆளுடா... டேய், விடுடா..."

மடக்.

கேரட்டுக்கும் விரலுக்கும் உள்ள வித்தியாசம் இன்திஸாருக்கு அப்போதுதான் தெரிந்தது. கேரட் ஒடியும்போது அலறல் கொஞ்சம் தாமதமாக வரும். விரல் ஒடியும்போது முன்னாலேயே வந்துவிடுகிறது.

"கேட்டுதா?" என்றான் அவன். "அடுத்தது கழுத்து. என்ன சொல்ற?"

இன்திஸார் கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷத்துல அங்க போலீஸ் வந்துடும், தம்பி. அதுக்குள்ள முடிச்சிடு. விவாகரத்துக்கு வக்கீல் தேடி அலையறதாவது எனக்கு மிச்சமாகட்டும்."